காற்று குறைகிறதா, குளிர்ச்சி குறைகிறதா?

வாசகர் கேள்வி: மும்பையில், செம்பூரில் வசிக்கிறோம். ஏழு வருடமான சிறிய பெட்ரோல் கார். மகளைப் பார்க்க மாதம் இருமுறை புனே போய் வருவோம். போன வருடம் மே மாதம், ஏசி சர்வீஸ் என்று டாஷ்போர்டைக் கழற்றிக் கூலிங் காயிலைச் சுத்தம் செய்தார்கள். அந்த மழைக்காலத்திலிருந்து, கிளம்பி முக்கால் மணி நேரம் நன்றாக இருக்கும் குளிர்ச்சி, எக்ஸ்பிரஸ்வேயில் ஏறிய சிறிது நேரத்தில் போய்விடுகிறது. காலாப்பூரில் டீ குடிக்க நிறுத்தி, அரை மணி கழித்துக் கிளம்பினால் மறுபடியும் சரியாக இருக்கிறது. பிப்ரவரியில் ஒரு மெக்கானிக் கேஸ் நிரப்பினார். புனே பிரச்சினை தீரவில்லை. அதோடு புதிதாக, மதிய வேளையில் சயான் சிக்னலில் நின்றால் குளிர்ச்சி போகிறது, வண்டி நகர்ந்ததும் வந்துவிடுகிறது. இன்னொரு கடையில் கம்ப்ரசரையே மாற்ற வேண்டும், 26,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா? (குளிர்ச்சி போகும்போது காற்றே சரியாக வருவதில்லை என்கிறார் என் மனைவி. பிளோயரும் கெட்டிருக்குமோ?)

அன்புள்ள வாசகருக்கு,

கம்ப்ரசரை இப்போது மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பவற்றில் கம்ப்ரசர் பழுதைச் சுட்டும் அறிகுறி ஒன்றும் இல்லை. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்டுவிட்ட உங்கள் துணைவியாரின் வார்த்தைதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. இரண்டு கடைகளிலும் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஏசி விட்டுவிட்டுக் குளிர்கிறது என்று வண்டியைக் கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, குளிர்ச்சி போகும் நேரத்தில் காற்றின் வேகமும் சேர்ந்து குறைகிறதா, அல்லது காற்று அதே வேகத்தில் வந்துகொண்டிருக்கும்போதே குளிர்ச்சி மட்டும் போகிறதா என்பதைத்தான். காற்றும் குறைந்தால் டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலைப் பார்க்க வேண்டும். காற்று குறையாமல் குளிர்ச்சி மட்டும் போனால் பானெட்டைத் திறக்க வேண்டும். உங்கள் வண்டியில் எக்ஸ்பிரஸ்வேயில் நடப்பது முதல் வகை. சயான் சிக்னலில் நடப்பது, நீங்கள் விவரித்திருக்கும் விதத்தை வைத்துப் பார்த்தால், இரண்டாம் வகை. ஆக, ஒரே கோளாறு என்று நினைத்து நீங்கள் எழுதியிருந்தாலும் இங்கே இருப்பவை இரண்டு. இரண்டாவது பிப்ரவரிக்குப் பிறகு வந்தது என்பதால், முதல் கோளாறுக்குச் செய்த வைத்தியமே அதைக் கொண்டுவந்திருக்கலாம் என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது.

முதலில் புனே சாலைக்கு வருகிறேன். உங்கள் காரின் ஏசியில் குளிர்ச்சியைத் தருவது பெரும்பாலும் ஆர் 134ஏ என்ற கேஸ். திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும் இந்தப் பொருளை, கூலிங் காயிலுக்குள் எந்த அழுத்தத்தில் வைத்திருக்கிறோமோ அதற்கேற்ற வெப்பநிலையில் அது கொதிக்கும். லோ சைடு மீட்டரில் (கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கத்து அழுத்தத்தைக் காட்டுவது) முள் 28 பி.எஸ்.ஐ. என்ற அழுத்த அளவில் நின்றால் காயிலுக்குள் ஏறத்தாழ 0 டிகிரி என்று கணக்கு. ஊருக்குள் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது முள் பெரும்பாலும் இதற்கு மேலேயே இருக்கும். எக்ஸ்பிரஸ்வேயில் ஒரே சீராக வேகமெடுத்து ஓடும்போது, பெல்ட்டின் வழியாக இன்ஜினோடு பிணைந்திருக்கும் கம்ப்ரசரும் வேகமாகச் சுற்றிக் கேஸை உறிஞ்சுகிறது. முள் 28-க்குக் கீழே இறங்கும்போது, காயிலின் மீது படியும் ஈரம் தண்ணீராகச் சொட்டி வெளியேறாமல் அங்கேயே உறையத் தொடங்குகிறது. மும்பை காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே கிடையாது; அதிலும் மழைக்காலத்தில் வெளியே வெப்பம் குறைந்தும் ஈரம் மிகுந்தும் இருப்பதால் காயில் எளிதாகக் குளிர்ந்துவிடும், உறைவதற்கு வேண்டிய தண்ணீரும் தாராளமாகக் கிடைக்கும். உங்கள் தொல்லை மழைக்காலத்தில் தொடங்கியதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

காயிலின் அலுமினியத் தகடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதில் பனி பிடிக்கத் தொடங்கினால், பழைய பிரிட்ஜின் ஃபிரீசரில் கவனிக்காமல் விட்டால் பனி தடித்துக்கொண்டே போகுமே, அதைப் போலச் சிறிது சிறிதாகக் காற்றின் வழியெல்லாம் அடைபட்டு, அரை மணி, முக்கால் மணி நேரத்தில் காயில் முழுவதுமே ஒரு பனிக்கட்டியாகிவிடும். பிளோயர் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், அதன் இரைச்சல்கூட மாறாது; ஆனால் காற்று தாண்டி வர வழியிருக்காது. ஆகவே பிளோயர் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டாம். காலாப்பூரில் நீங்கள் டீ குடித்துவிட்டு வரும் அரை மணியில் அந்தப் பனி உருகிவிடுகிறது. அடுத்த முறை நிறுத்தியதும், வண்டிக்கு அடியில், முன் இருக்கையில் இருப்பவர் கால் வைக்கும் பகுதிக்குக் கீழே, காயிலின் தண்ணீர் வெளியேறும் டிரெயின் குழாய் முடியும் இடத்தில் தரையைப் பாருங்கள். வழக்கமாகச் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர் அங்கே ஒரு சிறு குட்டையாகத் தேங்கியிருந்தால் நான் சொல்வது உறுதியாகிவிடும். கிளம்புவதற்கு முன் டீக்கடையிலேயே பாதிக் கோளாறைக் கண்டுபிடித்த திருப்தியும் கிடைக்கும்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். ஓடும்போது காற்று மெலியத் தொடங்கியதும் ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு, பிளோயரை முழு வேகத்தில் விடுங்கள். 5 முதல் 10 நிமிடங்களில் காற்று படிப்படியாகப் பழைய வேகத்துக்குத் திரும்பினால், உறைந்த பனி உருகுகிறது என்று பொருள்.

சரி, காயில் உறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய காவலாளி யார்? தெர்மிஸ்டர். அரிசி மணி அளவுள்ள ஒரு கருப்புத் துண்டு, அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள், அவ்வளவுதான். ஒரு பிளாஸ்டிக் கிளிப்பின் உதவியோடு காயிலின் தகடுகளுக்கு நடுவே செருகப்பட்டிருக்கும். தகட்டின் குளிர் ஏறத்தாழ 1 முதல் 3 டிகிரிக்கு வந்ததும் கம்ப்ரசரை நிறுத்தவும், கொஞ்சம் சூடேறியதும் மறுபடி ஓட்டவும் இதன் தகவலை வைத்துத்தான் முடிவெடுக்கப்படுகிறது. போன வருடம் மே மாதம் உங்கள் காரின் காயிலை வெளியே எடுத்துக் கழுவினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். காயிலை எடுக்க வேண்டுமானால் இந்தத் தெர்மிஸ்டரைக் கழற்றியே ஆக வேண்டும். திரும்ப மாட்டும்போது பழைய இடத்திலேயே செருகினார்களா, கிளிப் உடையாமல் இருந்ததா, அல்லது அவசரத்தில் பெட்டிக்குள் எங்கோ தொங்கவிட்டு மூடிவிட்டார்களா என்பதுதான் இப்போது பார்க்க வேண்டிய விஷயம். தகட்டைத் தொடாமல் காற்றில் தொங்கும் தெர்மிஸ்டர், தகட்டைவிடச் சூடான காற்றைத்தான் அளந்து சொல்லும். காயிலில் பனி ஏறிக்கொண்டிருக்கும்போதே இன்னும் குளிரவில்லை என்ற தகவல்தான் போய்க்கொண்டிருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், மாட்டுங்காவைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளரின் வண்டிக்கு, இதே போன்ற புகாருக்கு, கம்ப்ரசரை மாற்றிக் கொடுத்தவன் நான். மூன்றாம் நாள் லோனாவ்லாவிலிருந்து போன் செய்தார். முன்பு நாற்பது நிமிடம் தாங்கிய ஏசி இப்போது இருபத்தைந்து நிமிடத்திலேயே நின்றுவிடுகிறது என்றார். வண்டியை வரவழைத்துக் கிளவ் பாக்ஸைக் கழற்றி, பெட்டியின் ஓரத்து மூடியையும் நெம்பி எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, அந்த அரிசி மணி தன் வயரிலேயே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. புதிய கம்ப்ரசர் பழையதைவிட வலுவாக உறிஞ்சியதால் காயில் முன்பைவிடச் சீக்கிரமாக உறைந்தது. வேலைக் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். கம்ப்ரசரின் விலையைத் திருப்பிக் கொடுக்கும் வசதி அன்றைக்கு எனக்கு இல்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட 26,000 ரூபாய் என்ற தொகையைப் படித்ததும் அந்த வாடிக்கையாளரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

தெர்மிஸ்டர் சரியான இடத்தில் இருந்தாலும் அதுவே கெட்டிருக்கலாம். அதைக் கழற்றி, முனையை ஐஸ் தண்ணீர் உள்ள டம்ளரில் வைத்து, மல்டிமீட்டரில் ரெசிஸ்டன்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிரக் குளிர அளவு சீராக ஏற வேண்டும். வெளியே எடுத்து விரல்களுக்கிடையே பிடித்தால் சீராக இறங்க வேண்டும். எண் அசையாமல் நின்றாலோ, வயரை அசைக்கும்போது தாறுமாறாகக் குதித்தாலோ மாற்றிவிடலாம். எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் அதை உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்வதே சரி. கூடவே, கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் உள்ள கேபின் பில்டரையும் வெளியே எடுத்துப் பாருங்கள். அது அடைத்திருந்தால் காயிலின் மீது போகும் காற்று குறைந்து, தெர்மிஸ்டர் ஒழுங்காக இருந்தாலும் உறைவதற்கு அதிக வாய்ப்பு ஏற்படும். சில சிறிய கார்களில் தயாரிக்கும்போதே பில்டரை வைத்திருக்க மாட்டார்கள். அப்படியானால் தூசு நேராகக் காயிலில்தான் படிந்திருக்கும்.

கேஸ் நிரப்பிய மெக்கானிக்கின் தரப்பில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். கேஸ் ஓரளவு குறைந்த வண்டியிலும் லோ சைடு அழுத்தம் இறங்கி, காயிலின் நுழைவாய்ப் பக்கத்தில் பனி பிடிப்பதுண்டு. ஆகவே அவர் அப்படி நினைத்ததில் தவறில்லை. குறைந்திருக்கிறது என்று எதை வைத்து முடிவு செய்தார், எவ்வளவு நிரப்பினார் என்பதில்தான் தவறு நடந்திருக்க வேண்டும். மும்பையில் எந்தத் தெருவில் பானெட்டைத் திறந்தாலும் கேட்கக் கிடைக்கும் வாசகம், "கேஸ் கம் ஹை, சாப்" (கேஸ் குறைவாக இருக்கிறது, சார்). இன்ஜின் அணைந்திருக்கும் வண்டியில் மீட்டரை மாட்டி, 30 டிகிரி வெயிலில் முள் 95, 100 என்று காட்டுவதை வைத்துக்கொண்டு சிலர் கேஸ் சரியாக இருக்கிறது என்பார்கள், சிலர் குறைவு என்பார்கள். இரண்டுமே ஊகம்தான். குழாய்க்குள் துளியளவு திரவம் மிஞ்சியிருந்தாலும் அந்த வெப்பநிலைக்குரிய அந்த அழுத்தத்தைத்தான் மீட்டர் காட்டும். சமையல் கேஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அழுத்தத்தை வைத்துச் சொல்ல முடியாமல் தூக்கிப் பார்க்கிறோமே, இங்கேயும் அதே கதைதான். எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். உங்கள் வண்டியில் எத்தனை கிராம் இருக்க வேண்டும் என்பது பானெட்டுக்குள் ஒரு ஸ்டிக்கரில் அச்சாகியிருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம் வரைதான். இவ்வளவு சிறிய அளவில், கண் மதிப்பாக 100 கிராம் கூடிவிட்டால்கூடப் பெரிய வித்தியாசம்.

அந்த வித்தியாசம்தான் சயான் சிக்னலில் தெரிகிறது என்பது என் ஊகம். கேஸ் அதிகமாக இருந்தால், காரின் முன்பக்கத்தில் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரின் கீழ்ப்பகுதியில் திரவம் தேங்கி, கேஸ் குளிர்ந்து திரவமாவதற்குரிய இடம் சுருங்கிவிடுகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அடித்துச் சமாளித்துவிடும். மதிய வெயிலில் முன்னும் பின்னும் பஸ்களுக்கு நடுவே நிற்கும்போது, கண்டன்சருக்கு விசிறியின் காற்று மட்டுமே துணை. அதுவும் பக்கத்து வண்டிகளின் சூட்டை வாங்கிவரும் காற்று. வழக்கமாக 200, 250 பி.எஸ்.ஐ. அளவில் இருக்க வேண்டிய ஹை சைடு அழுத்தம் (கம்ப்ரசர் கேஸை வெளியே தள்ளும் பக்கத்து அழுத்தம்) ஏறிக்கொண்டே போய் 400-ஐத் தாண்டும்போது, குழாய் வெடிக்காமல் காப்பதற்காக வைத்திருக்கும் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடுகிறது. சிக்னல் விழுந்து வண்டி நகர்ந்தால் அழுத்தம் இறங்கி, கம்ப்ரசர் மறுபடி பிடித்துக்கொள்கிறது.

ஆனால் கண்டன்சர் விசிறி மெதுவாகச் சுற்றினாலும், சுற்றாமலே இருந்தாலும் இதே அறிகுறிதான் வரும் என்பதால், கேஸின் மீது பழி போடுவதற்கு முன் விசிறியைப் பார்த்துவிட வேண்டும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுவிட்டுப் பானெட்டைத் திறந்துவைத்துக் காத்திருங்கள். கம்ப்ரசர் "டக்" என்று பிடிக்கும் சத்தத்தைத் தொடர்ந்து விசிறி சுற்றத் தொடங்குகிறதா, சுற்றினால் சோம்பலாகச் சுற்றுகிறதா, விறுவிறுப்பாகவா என்று கவனியுங்கள். கையை உள்ளே விட வேண்டாம். நின்றிருக்கும் விசிறி எந்த நொடியிலும் கிளம்பும். விசிறி ஒழுங்காகச் சுற்றியும் சிறிது நேரத்தில் குளிர்ச்சி போனால், அந்த நிலையிலேயே முன்பக்கக் கிரில் வழியாகக் கண்டன்சரின் மீது மட்டும் தண்ணீரை மெல்லிய தாரையாக ஊற்றச் சொல்லுங்கள். குளிர்ச்சி சட்டென்று திரும்பினால், கண்டன்சர் வெப்பத்தை வெளியேற்றத் திணறுகிறது என்று தெரிந்துவிடும். காரணம் அதிகப்படி கேஸாக இருக்கலாம். இல்லாவிட்டால் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே பல வருடங்களாகச் சேர்ந்த மண்ணாக இருக்கலாம். மெட்ரோ வேலைகள் நடந்த சாலைகளில் ஓடிய வண்டிகளில் அந்த இடுக்கில் எவ்வளவு தூசு படிந்திருக்கிறது என்பதைக் கழற்றிப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

கம்ப்ரசரை மாற்றச் சொன்ன கடையில், மீட்டர் மாட்டி ஓடவிட்டு இரண்டு முள்ளும் எங்கே நின்றன என்று கேளுங்கள். கம்ப்ரசர் உண்மையிலேயே தளர்ந்திருந்தால் லோ சைடு தேவைக்கு மேல் ஏறியும், ஹை சைடு தேவைக்குக் கீழே இறங்கியும், இரண்டு முள்களும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். உங்கள் வண்டியில் காயில் உறையும் அளவுக்கு உறிஞ்சல் இருக்கிறது. சிக்னலில் பிரஷர் ஸ்விட்சே தடுக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறுகிறது என்ற என் ஊகமும் சரியானால், அந்தக் கம்ப்ரசர் நன்றாகவே உழைக்கிறது என்றுதான் நான் சொல்வேன். எண்களைச் சொல்ல முடியாத கடையில் 26,000 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை.

கம்ப்ரசரின் முகப்பில் இருந்து, அதைப் பெல்ட் சுற்றும் புல்லியோடு சேர்த்தும் விலக்கியும் விடும் மேக்னட் கிளட்சைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் கோளாறைக் கம்ப்ரசர் கோளாறாகக் கணக்கெழுதும் பழக்கம் இருக்கிறது. கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் இடையே அரை மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளிதான் இருக்க வேண்டும். தேய்ந்து இடைவெளி அதிகமான பிறகு, குளிர்ந்த நிலையில் தட்டை இழுத்துப் பிடிக்கும் காந்தம், சூடேறி அதன் சுருளில் மின்னோட்டம் குறைந்ததும் இழுக்க முடியாமல் விட்டுவிடும். ஆறியதும் மறுபடி பிடிக்கும். இதுவும் விட்டுவிட்டு வரும் தொல்லைதான், ஆனால் அப்போது காற்றின் வேகம் குறையாது. பல வண்டிகளில் உள்ளேயிருக்கும் வாஷரில் ஒன்றை எடுத்துவிட்டால் இடைவெளி சரியாகிவிடும். முடியாவிட்டால் கிளட்சை மட்டும் மாற்றலாம். கிளட்சுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸ்விட்சான ரிலேயும் சூட்டில் இப்படிச் சதி செய்யும். அதே எண் கொண்ட ரிலே ஹாரனுக்கும் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. மழைக்காலத்தில் நம் கட்டடங்களின் பார்க்கிங்கில் எலி வயரைக் கடிப்பதையும் மறந்துவிடக் கூடாது. கிளட்சுக்குப் போகும் வயர் அதற்குக் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருக்கிறது.

இனி, வேலையை எந்த வரிசையில் செய்யச் சொல்ல வேண்டும் என்று பார்ப்போம். முதலில் பில்டர், தெர்மிஸ்டர், விசிறி, கண்டன்சர் தூசு. இவற்றுக்குக் கேஸ் குழாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அதன் பிறகு, கேஸை மீட்டெடுத்து எடை போடும் இயந்திரம் உள்ள கடையைத் தேடிப் போங்கள். உள்ளே இருப்பதை முழுவதும் அந்த இயந்திரத்தில் இழுத்து, எத்தனை கிராம் வந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்டிக்கரில் உள்ளதைவிட அதிகம் வந்தால் சிக்னல் தொல்லைக்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது. குறைவாக வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. குழாய் இணைப்புகளிலும் கண்டன்சரின் ஓரங்களிலும் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசு ஒட்டியிருக்கும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும். கேஸை அப்படியே காற்றில் திறந்துவிட்டு மறுபடி நிரப்பும் கடைக்குப் போக வேண்டாம். எடை தெரியாமல் போவது ஒரு பக்கம். இந்தக் கேஸ் ஒரு கிலோ வெளியேறினால், பூமியைச் சூடாக்குவதில் ஆயிரம் கிலோ கரியமில வாயுவுக்கும் மேலான வேலையைச் செய்துவிடும்.

காலியான குழாய்களில் குறைந்தது அரை மணி நேரம் வாக்குவம் போட்ட பிறகே, அதாவது பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகே, ஸ்டிக்கரில் உள்ள எடைக்கு நிரப்ப வேண்டும். மும்பையின் ஈரக் காற்றில் இதை விட்டுவிட்டால், குழாய்க்குள் புகுந்த ஈரம் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துளையில் உறைந்து அடைத்து, உங்களுக்கு மூன்றாவதாக ஒரு தொல்லையைக் கொடுக்கும். அப்போது காற்று நன்றாக வரும், பத்து நிமிடம் குளிரும், பிறகு லோ சைடு முள் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். பிப்ரவரியில் வாக்குவம் போட்டார்களா என்பது உங்களுக்குத் தெரியாவிட்டால், குழாய்க்குள் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் டிரையரையும் இந்த முறை மாற்றிவிடுவது நல்லது.

கண்டாலா மலைப்பாதையில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போது சில நொடிகள் குளிர்ச்சி போய் வருவதைப் பழுதுக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சிறிய இன்ஜின் ஏற்றத்தில் திணறாமல் இருக்க, வண்டியின் கணினியே கம்ப்ரசருக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கிறது.

வேலை முடியும்வரை புனே போகத்தான் வேண்டும் என்றால், பிளோயரை 1-இல் வைத்து வெப்பநிலையைக் கடைசி வரை குறைத்துவைக்கும் வழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். காயில் உறைவதற்கு அதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. பிளோயரை 3-இல் வைத்து, வெளிக்காற்று வராமல் ரீசர்குலேஷனைப் போட்டுக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை ஏசி பட்டனை மட்டும் ஐந்து நிமிடம் அணைத்துவையுங்கள். கொஞ்ச நேரம் வேர்க்கும்தான், ஆனால் காலாப்பூர் வரை காற்று நிற்காது. அங்கே நிறுத்தும்போது வண்டிக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் தேங்கியது என்பதையும், பிறகு கடையில் எத்தனை கிராம் கேஸ் வெளியே வந்தது என்பதையும் எனக்கு எழுதுங்கள். காற்று எப்போது மெலியத் தொடங்கியது என்பதை மட்டும் உங்கள் துணைவியாரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.